பெயர் வெட்டிய ரிவால்வர்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-இல் மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். அன்றிலிருந்து சுங்குவார்சத்திரத்தில்தான் வாசம். பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வரும் ஊர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று, எந்த பஸ் யாருடையது என்று தெரியாமல் புதுசாக வந்த பிள்ளைகள் முழிக்கும் ஊர். அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தயாராகும் ஒவ்வொரு பாகத்திலும் எண் பொறிப்பது என் பொறுப்பில் வரும் வேலைகளில் ஒன்று. எண் இல்லாத பாகம் எங்கள் வாசலைத் தாண்டாது.

செயலாளர் போன் பண்ணி, "இண்டஸ்ட்ரி பத்திப் பேசிடாதப்பா, போன வருஷமே ரெண்டு பேர் பேசி தூங்க வெச்சுட்டாங்க, உன் பொழுதுபோக்கு ஏதாவது இருந்தா சொல்லு" என்றார். ஆகவே என் பொழுதுபோக்கைச் சொல்கிறேன். அந்தக் காலத்து ராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்த, பெயரும் பூவேலையும் வெட்டிய பழைய ரிவால்வர்கள்.

பயப்படாதீர்கள். என்னிடம் ஒரு துப்பாக்கியும் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு நீள நோட்டு. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவை, ஏலப் பட்டியல்களில் வந்த படங்கள், லைசென்ஸ் வைத்திருக்கும் ஓரிரு பெரியவர்கள் தங்கள் முன்னிலையில் காட்டியவை என்று, துப்பாக்கிகளின் மேல் இருந்த எழுத்துகளையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த நோட்டு ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமான விஷயம்.

முதலில், ஒரு ஆயுதத்தின் மேல் ஒருவர் ஏன் பெயர் வெட்டிக்கொள்ள வேண்டும்? நம்ம வீட்டுப் பாத்திரங்களை நினைத்துப் பாருங்கள். கல்யாணச் சீர் குடத்தில், அண்டாவில், எவர்சில்வர் தட்டில் கடைக்காரர் பேர் வெட்டித் தருவார். இன்னார் வீட்டுக் கல்யாணம், இந்தத் தேதி என்று இருக்கும். பந்திக்குப் போன பாத்திரம் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குடந்தான் வீட்டின் சரித்திரமாக நிற்கிறது. பாட்டியின் பெயர் ரேஷன் கார்டில்கூடத் தப்பாக இருக்கும், குடத்தில் சரியாக இருக்கும்.

ரிவால்வர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுக்கும். அதிகாரி கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போர் வரையிலும் இந்த வழக்கம் இருந்தது. சொந்தக் காசில் வாங்கியதால் அது சொந்தப் பொருள். பதவி, பெயர், படைப்பிரிவு, சில சமயம் வருஷம் என்று வெட்டிக்கொண்டார்கள். வசதி உள்ளவர்கள் அதற்குமேல் கொடி, இலை, பூவேலை என்று அலங்காரம் செய்துகொண்டார்கள். நண்பர்கள் சேர்ந்து பரிசாகக் கொடுத்திருந்தால் அதுவும் அதிலேயே எழுதியிருக்கும்.

ரிவால்வருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கப் பையன் 1830-இல், 16 வயதில், 'கார்வோ' என்ற கப்பலில் வேலைக்காரனாகச் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கிளம்பினான். கப்பலின் ஒரு சக்கரம் சுற்றி நின்று, பூட்டி, மறுபடி சுற்றுவதைப் பார்த்துத்தான் சுழலும் குண்டு அறை யோசனை வந்தது என்றும், மரத்துண்டைச் செதுக்கி மாதிரி செய்தான் என்றும் சொல்வார்கள். சக்கரத்தின் கதை எவ்வளவு நிஜமோ, பயணம் நிஜம். 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட்டும், அவருக்குப் போட்டியாக இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஆடம்ஸும் தங்கள் ரிவால்வர்களைப் பார்வைக்கு வைத்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது இரண்டு வகையும் இங்கே பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில் இருந்தன. பிறகு பர்மிங்ஹாமின் வெப்லி வந்தது. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. நம்ம பக்கத்துப் பழைய எஸ்டேட், ஜமீன் வீடுகளில் 'துரை துப்பாக்கி' என்று சொல்வது பெரும்பாலும் இந்த வெப்லியைத்தான்.

மெக்கானிக்கல்காரர்களுக்காக ஒரு நிமிஷம். துப்பாக்கியின் மேல் எழுத்து மூன்று வழியில் வரும். ஒன்று, எஃகு அச்சை வைத்து அடிப்பது. தொழிற்சாலை எண்ணும், லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலைகளின் முத்திரையும் இப்படி வந்தவை. இரண்டு, உருளை அச்சால் அழுத்தி உருட்டுவது. கோல்ட்டின் 1851 மாடல் குண்டு அறையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சியே இருக்கும், அது இப்படிச் செய்தது. மூன்றாவது, கைவேலை. மனுஷன் கையில் சிற்றுளி பிடித்து, உலோகத்தை நூலிழையாகச் சீவி எடுப்பது. அதிகாரியின் பெயர் இந்த மூன்றாவது வகை. அழகு இதில்தான். ஆயுசு குறைவும் இதில்தான். அந்தக் கோட்டின் ஆழம் மிகக் குறைவு.

எழுத்துள்ள ஆயுதம் என்றதும் எங்கள் ஊர்ப் பக்கத்தையே சொல்லாமல் விட்டால் தப்பு. சுங்குவார்சத்திரத்திலிருந்து காஞ்சிபுரம் திசையில், கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கேதான் நொறுக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் கும்பினியின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தின என்று படித்திருப்பீர்கள். அன்று பிடிபட்ட அதிகாரிகளில் ஒருவர் டேவிட் பெய்ர்டு. ஏறக்குறைய நான்கு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையில் இருந்தார். 1799 மே 4-ஆம் தேதி அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மேல் படையை நடத்தியவரும் அவரே. கோட்டை விழுந்ததும் திப்புவின் ஆயுதங்கள் சூறை போய்க் கப்பலேறின.

அவை ரிவால்வருக்கு முந்திய சக்கிமுக்கித் துப்பாக்கிகள். ஆனால் அவற்றில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். புலிவரி, பாரசீக எழுத்து, திப்பு தானே ஏற்படுத்திய வருஷக் கணக்கு. அந்த வருஷ எண்ணை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். இருநூறு வருஷம் கழித்தும் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் "இது திப்புவுடையது" என்று அது தானே சொல்கிறது. 2015 ஏப்ரலில் லண்டன் போனம்ஸ் ஏலத்தில், ஒரே மனிதர் சேர்த்து வைத்திருந்த திப்பு காலத்து ஆயுதங்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. வெறும் இரும்புக்கும் வெள்ளிக்கும் யாராவது அவ்வளவு கொடுப்பார்களா? எழுத்துக்குத்தான் அந்த விலை.

இங்கே சட்டம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் போன சந்திப்பில் ஒரு நண்பர், "நூறு வருஷம் ஆயிட்டா லைசென்ஸ் வேண்டாமாமே" என்று கேட்டார். அமெரிக்காவில் 1898 வரை செய்ததைப் பழம்பொருள் என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்ம 1959 ஆயுதச் சட்டம் 45-ஆவது பிரிவில் பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது, உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுடும் நிலையில் இருக்கிற வெப்லிக்கு வயது 110 ஆனாலும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. தாத்தா வழியில் வந்ததும் அந்தக் கணக்கில் அடக்கம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடை. ஆகவே 'ஆண்டிக் பீஸ், பேப்பர் தேவையில்லை' என்று யாராவது கொண்டு வந்தால், நின்று பேசாமல் வந்துவிடுங்கள்.

இப்போது நான் ஒத்திவைத்த விஷயம்.

என் பெரியப்பா வாலாஜாபாத்தில் இருந்தார். 2011-இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். பெரியம்மா கை வத்தக்குழம்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் பீரோவில் இருந்த வெப்லி ரிவால்வர்.

அது எங்கள் தாத்தா வழியாக வந்தது. தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. எஸ்டேட் துரை முதல் உலகப் போரில் அதிகாரியாக இருந்தவர். சுதந்திரம் வந்த சமயத்தில் ஊருக்குக் கிளம்பும்போது, முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டு ரிவால்வரைத் தாத்தாவிடம் விட்டுப் போனார். தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் பெரியப்பா பெயருக்கு மாறியது. அதை அவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆயுதபூஜைக்கு எடுத்துப் பொட்டு வைப்பார், லைசென்ஸ் புதுப்பிக்கக் கொண்டுபோவார், அவ்வளவுதான். அதன் பிடியின் பின்பக்கத்து இரும்புப் பட்டையில் வளைவு எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. முன்னால் கேப்டன் என்பதன் சுருக்கம், நடுவில் பெயர், கடைசியில் 1916.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் நான் போயிருந்தேன். ரிவால்வர் முழுக்கப் பழுப்பு ஏறிக் கிடந்தது. புது என்ஜினியர் இல்லையா, எனக்குக் கை அரித்தது. "பெரியப்பா, நான் ஜம்முனு பண்ணித் தரேன்" என்றேன். அவர் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கொடுத்தார். நான் பையிலிருந்து எமரி ஷீட் எடுத்தேன். முதலில் கரடு, அப்புறம் நைஸ், கடைசியில் பிராஸோ. ஒன்றரை மணி நேரம். கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. பெருமையோடு நீட்டினேன்.

அவர் வாங்கி, திருப்பி, பிடியின் பின்பக்கத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்குடா" என்றார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பிறகுதான் பார்த்தேன். அந்தப் பட்டை நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். என் எமரி அதிகம் தேய்த்தது அங்கேதான். கேப்டன் இருந்தது, 1916 இருந்தது. முன்னால் பதவி, பின்னால் வருஷம், நடுவில் மனுஷன் இல்லை.

பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியும். தாத்தா அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். நான் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கேட்டால் நான் அழித்தது பேச்சில் வந்துவிடுமே என்று கூச்சம். அடுத்த ஞாயிறு கேட்கலாம், தீபாவளிக்குக் கேட்கலாம் என்று பத்து வருஷம் ஓடிப்போச்சு. 2021-இல் அவர் போய்விட்டார்.

லைசென்ஸ்தாரர் இறந்தால் ஆயுதம் வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்த கையோடு கடையில் வைத்தோம். அண்ணன் வெளிநாட்டில், அக்கா திருச்சியில். லைசென்ஸ் மாற்றிக்கொள்ள இருவருக்கும் விருப்பமில்லை. "உனக்குத்தான் ஆசை, ஏதாவது மியூசியத்துக்குக் கேட்டுப் பாரு" என்றாள் அக்கா. ஓர் அருங்காட்சியகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இது யாருடையதுங்க?"

முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்த ரகம். அதில் இது எது? லைசென்ஸ் புத்தகத்தில் கம்பெனியும் எண்ணும் இருக்கின்றன, பழைய சொந்தக்காரர் பெயர் இல்லை. பெரியம்மாவைக் கேட்டேன். "துரைன்னுதான்டா சொல்லுவாங்க" என்றார். எஸ்டேட்டுக்கு நேரில் போனேன். மூன்று கை மாறிவிட்டது, பழைய கணக்குப் புத்தகம் எதுவும் இல்லை.

படித்த படிப்பைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்றும் பார்த்தேன். அச்சால் அடித்த எழுத்தை யாராவது அரத்தால் ராவி அழித்தாலும், அடி விழுந்த இடத்தில் உலோகத்தின் உள்கட்டமைப்பு ஆழம் வரை நசுங்கியிருக்கும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினால் நசுங்கிய பகுதியும் மற்ற பகுதியும் வேறு வேறாகக் கரையும்; மறைந்த எண் தலை காட்டும். தடயவியல் கூடங்களில் திருட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணை இப்படி எடுக்கிறார்கள். ஆனால் சிற்றுளியால் சீவிய எழுத்துக்கு அடியில் அவ்வளவு நசுங்கல் இருக்காது. அதிலும் நான் தேய்த்தது ஒன்றரை மணி நேரம். அமிலம் போட்டால் மிச்சமிருந்த 1916-உம் போகும். கை வைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையைச் சொல்கிறேன். இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுத அருங்காட்சியகத்தில், ஒரு .32 கோல்ட் பிஸ்டல் கறுப்பு பெயிண்ட் அடித்து மற்ற துப்பாக்கிகளோடு பல வருஷம் கிடந்தது. 2016-இல் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். எண் 168896. லாகூர் சதி வழக்கு ஆவணத்தில் இருந்த எண் அதுவே. பகத்சிங்கின் பிஸ்டல்! இப்போது பஞ்சாபில் ஹுசைனிவாலாவில் இருக்கிறது. ஒரு எண் பிழைத்துக் கிடந்ததால் ஒரு மனிதர் திரும்பி வந்தார். பெயிண்ட் அடித்தவர் என்னைவிட நல்லவர். அவர் மூடினார், நான் தேய்த்தேன்.

கடைசியில் 2023-இல் குடும்பமாகக் கையெழுத்துப் போட்டு ரிவால்வரை அரசாங்கத்திடம் ஒப்படைத்தோம். ரசீது கொடுத்தார்கள். அதில் கம்பெனி பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, ஒப்படைத்தவர்கள் பெயர் இருக்கிறது. 1916-இல் அதைக் காசு கொடுத்து வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு போர்முனைக்குப் போன கேப்டனின் பெயர் இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. கிளம்பும்போது தன் கணக்குப்பிள்ளையை நம்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அறுபது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த பெயர், படித்த பையன் கையில் ஒன்றரை மணி நேரத்தில் போச்சு.

அன்று வாங்கியதுதான் அந்த நீள நோட்டு. அதன் முதல் பக்கத்தில் 'கேப்டன்' என்று எழுதி, இடம் விட்டு, '1916' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, உங்களில் பலர் வீட்டில் ரிவால்வர் இருக்காது. ஆனால் பேர் வெட்டிய குடம் இருக்கும், தாத்தாவின் கடிகாரம் இருக்கும், மிலிட்டரியில் இருந்த மாமாவின் மெடல் இருக்கும். மெடல் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பல மெடல்களில் அவர் எண்ணும் பெயரும் இருக்கும். தயவு செய்து எமரி ஷீட்டைத் தூர வையுங்கள். பழுப்பு அழுக்கு இல்லை, அது வயசு. சிவப்புத் துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் பொறுமையாக ஒற்றி எடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு போட்டோ. அதற்கும் முன்னால் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, "இது யாருடையது?" என்று ஒரு கேள்வி. அடுத்த ஞாயிறு கேட்கலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் இன்று லேசர் வைத்து ஒரு பாகத்துக்குச் சில நொடிகளில் எண் போட்டுவிடுகிறோம். புதிதாகச் சேரும் பையன்கள், "சார், இவ்வளவு சின்ன எழுத்தை யார் சார் படிக்கப் போறாங்க?" என்று கேட்பார்கள். நான் அவர்களிடம் என் பெரியப்பா கட்டை விரலால் தடவிப் பார்த்ததைச் சொல்வேன்.